அண்ணாச்சி இன்னிக்கு ஏன் பேசலே?

ஆபீஸில் ஒருத்தருக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தால் போதும். ஒருவர் சாக்லேட்டோடு ஓடி வருவார். ஒருவர் ஃபேனைக் கூட்டி வைப்பார். சம்பந்தமே இல்லாத இன்னொருவர், "தள்ளுங்க சார், காத்து வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே காற்றை மறித்து நிற்பார். அதே மனுஷருக்கு மனசு இறங்கினால்? "வேலைக்கு டிமிக்கி குடுக்கறான் சார்!" அவ்வளவுதான், கேஸ் முடிந்தது.

இந்த இரண்டாவது ரக இறக்கத்தை அடையாளம் தெரிந்துகொள்வது ரொம்ப முக்கியம். சில சமயம் ஓர் உயிரே அதில் இருக்கிறது.

என் பக்கத்து சீட்காரருக்கு 'பைபோலார்' என்கிற மனநிலைக் கோளாறு. பெயர் வேண்டாம். நெல்லைக்காரர் என்பதால் செக்ஷன் முழுக்கக் கூப்பிடும் 'அண்ணாச்சி'யே இங்கேயும் இருக்கட்டும். "எழுது தம்பி, நாலு பேருக்குப் பிரயோஜனப்படட்டும். என் போட்டோவை மட்டும் போட்றாதே" என்று அனுமதி கொடுத்திருக்கிறார்.

பைபோலார் என்றால் இரண்டு துருவம். ஒரு துருவத்தில் உச்சம்: மூணு மணி நேரத் தூக்கமே போதும், பேச்சு எக்ஸ்பிரஸ் வேகம், கையில் இருப்பதெல்லாம் செலவு, மெரினா பீச்சையே விலை பேசலாம் என்கிற தைரியம். மறு துருவத்தில் பள்ளம். நடுவில் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில்கூட, உங்களையும் என்னையும் போலச் சாதாரணமாக இருப்பார்கள். காலையில் சிரித்துவிட்டு மத்தியானம் எரிந்து விழுவது பைபோலார் இல்லை. அது மேனேஜர்!

உச்சம் ஊருக்கே தெரிந்துவிடும், பள்ளம்தான் சத்தம் போடாது. ஆனால் இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் உச்சத்தைவிடப் பள்ளத்தில்தான் அதிக நாள் கழிக்கிறார்கள் என்கிறது மருத்துவம்.

பள்ளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? 'சோகமா உட்கார்ந்திருப்பார், அழுவார்' என்று சினிமா பார்த்து நினைத்துக்கொண்டிருக்கிறோம். அண்ணாச்சி அழுது நான் பார்த்ததில்லை. நன்றாக இருக்கும் நாளில் அவரே ஒருமுறை விளக்கினார்.

"தம்பி, என்னை அடுத்தவனோட ஒப்பிடாதே. அவன் பிறவியிலேயே உம்மணாமூஞ்சியா இருப்பான். போன மாசத்து என்னோட இந்த மாசத்து என்னை ஒப்பிட்டுப் பாரு. வித்தியாசம் தெரியும்."

அன்றைக்கே ஒரு தாளில் நாங்கள் இரண்டு பேரும் எழுதினோம். முதல் அடையாளம், பேச்சு. வழக்கமாக ஸ்கோர் சொல்லிக்கொண்டே உள்ளே நுழைகிறவர், அன்றைக்கு மேட்ச் இருக்கிறதா என்றுகூடக் கேட்கமாட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் அரை நிமிஷம் கழித்து வரும், அதுவும் ஒற்றை வார்த்தையில்.

இரண்டாவது, தூக்கம். பலருக்குத் தூக்கம் போய்விடும். அண்ணாச்சிக்கு நேர்மாறு, பத்து மணி நேரம் தூங்கியும் 'கை கால்ல ஈயத்தை ஊத்தின மாதிரி இருக்கு' என்பார். பைபோலார் பள்ளத்தில் இப்படி அதிகமாகத் தூங்குவதும் சகஜம்தான். சாப்பாடும் அப்படியே, சிலருக்கு இறங்காது, சிலருக்கு அடங்காது.

மூன்றாவது, கணக்கு. நான்கு இலக்கத்தை வாய்க்கணக்காய்க் கூட்டுகிறவர், ஒரே வரியை நாலு தடவை படிப்பார். ஃபைல் நகராது. 'லீவ் லெட்டர்ல என்ன எழுதறது?' என்பதுகூட அவருக்குப் பெரிய முடிவாகிவிடும்.

நான்காவது, குற்ற உணர்ச்சி. எட்டு வருஷத்துக்கு முன்னால் யாரிடமோ வாங்கிய ஐம்பது ரூபாயைத் திருப்பினோமா என்று நெஞ்சைப் பிசைவார். 'நான் எல்லாருக்கும் பாரம்' என்பார். இந்த வாக்கியம் வந்தால் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். சில ஆண்களுக்கு வருத்தம் வெளியே தெரியாது, எரிச்சலாகத்தான் வரும். வேறு சிலர் பாட்டிலைத் தேடிப் போவார்கள்.

மனச்சோர்வு என்று டாக்டர்கள் கணக்கில் எடுப்பதற்கு, இந்த மாதிரி அறிகுறிகளில் பல, பெரும்பாலான நேரம், இரண்டு வாரமாவது நீடிக்க வேண்டும். ஆனால் ஏற்கெனவே பைபோலார் உள்ளவருக்குக் காலண்டரைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். தாளில் உள்ளது இரண்டு மூன்று தெரிந்தாலே டாக்டருக்கு ஒரு போன்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை அந்தத் தாளுக்கு வேலை வந்தது. பத்து நாளாகவே அண்ணாச்சி பேச்சு குறைந்திருந்தது. டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கியிருந்தோம். அன்று சாயங்காலம் ஒரு கவரை நீட்டினார். "சீட்டு ரசீது, எல்.ஐ.சி. பேப்பர் எல்லாம் இதுல இருக்கு. பின்னாடி மதினிகிட்ட குடுத்துரு தம்பி."

'பின்னாடி' என்ற வார்த்தை எனக்கு உறைத்தது. நேராகவே கேட்டேன்: "அண்ணாச்சி, செத்துப் போகணும்னு தோணுதா?"

இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பலருக்குப் பயம். அப்படி ஆகாது. கேட்டால் பாரம் இறங்கத்தான் வழி பிறக்கும் என்று மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

அண்ணாச்சி ரொம்ப நேரம் தரையையே பார்த்தார். "ரெண்டு நாளா அதே யோசனைதான்."

திங்கட்கிழமை வரை காத்திருக்கவில்லை. மதினிக்கு போன் போட்டுவிட்டு, அவரைத் தனியே விடாமல் ஆட்டோவில் நேரே டாக்டரிடம் கூட்டிப் போனேன். வழியில் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ஆறு வாரம் கழித்து அண்ணாச்சி ஆபீஸுக்கு வந்தார். வந்த வேகத்தில் என் டி.ஏ. பில்லில் ஒரு தப்புக் கண்டுபிடித்தார். அந்தத் தப்புக்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டேன்!

மருந்து பற்றி இரண்டு வார்த்தை. பைபோலாருக்கு லித்தியம் என்ற உப்பு உதவும் என்று 1949-ல் ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட் எழுதினார். இன்றைக்கும் அது முக்கியமான மருந்து. ஆனால் ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பார்க்க வேண்டும். வெயிலில் உடம்பு தண்ணீர் வற்றினாலும், ஐபுப்ரோஃபன் மாதிரி சில வலி மாத்திரை போட்டாலும் அந்த அளவு ஏறிவிடும். 'இப்பதான் நல்லா இருக்கேனே' என்று திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. இன்னொன்று: பள்ளத்தில் இருக்கும்போது மட்டும் டாக்டரிடம் போய், பழைய உச்சத்தைச் சொல்லாமல் மறைக்கக் கூடாது. வெறும் மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் சிலருக்கு அது உச்சத்தைக் கிளப்பிவிடும்.

நண்பர்களாகிய நமக்கு? 'தைரியமா இரு', 'கோயிலுக்குப் போ', 'எல்லாம் உன் மனசுலதான் இருக்கு' — மூன்றையும் மூட்டை கட்டி வைக்கலாம். 'டீ சாப்பிடலாம் வாங்க' போதும். வரவில்லையென்றால் டீயை சீட்டுக்கே கொண்டுபோகலாம். 'டாக்டர்கிட்ட எப்போ போறோம்?' என்று 'போறோம்' போட்டுக் கேட்கலாம். உதவிக்கு யாரும் இல்லையென்றால் மத்திய அரசின் 'டெலி மானஸ்' இருக்கிறது. 2022-ல் தொடங்கியது. 14416-க்கு எந்த நேரமும் பேசலாம், இலவசம், தமிழிலும் பேசுகிறார்கள். உயிருக்கே ஆபத்து என்று தோன்றினால் போனோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போய்விட வேண்டும்.

உங்கள் செக்ஷனிலும் ஓர் அண்ணாச்சி இருக்கலாம். அவர் நன்றாக இருக்கும்போதே, 'உங்களுக்கு முடியாமப் போனா எனக்கு எப்படித் தெரியும்?' என்று ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவரே சொல்வார், பேனாவும் அவரே கொடுப்பார்.