கிளிக்குத் தினமும் முட்டை வேண்டுமா?

“கால் முட்டை வைத்தேன், ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கல” என்று அம்மா பெருமையாகச் சொன்னபோது எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டுக் கிளி மிட்டுவுக்கு அப்போது ஐந்து வயது. பச்சை உடம்பு, கழுத்தில் ரோஜா நிற வளையம். சில மாதங்களாக அவன் இறகுகள் பளபளப்பு இழந்து, நுனி பிய்ந்து கிடந்தன. அலகும் வேகமாக நீண்டது.

புரதம் போதவில்லை என்று அம்மா முடிவு செய்தார். “நீயும் முட்டை சாப்பிட்டுத்தானே வளர்ந்தே?” என்று என் வாயையும் அடைத்துவிட்டார். காலையில் கால் முட்டை, மதியம் கோழித் துணுக்கு, மற்ற நேரமெல்லாம் கிண்ணம் நிறையக் குவாச்சி.

ஒரு நாள் மிட்டு குச்சியில் ஏறாமல், இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தான். பறவைகளைப் பார்க்கும் விலங்கு மருத்துவரிடம் ஓடினோம். தராசு 158 கிராம் காட்டியது. இந்த வகைக் கிளி பொதுவாக 110 முதல் 140 கிராம்தான் இருக்கும். பரிசோதனைகள் முடிந்ததும், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்றார். பிறகு கேட்டார்: “ஒரு நாளைக்கு எத்தனை கிராம் புரதம் போகிறது?” எங்களிடம் பதில் இல்லை.

2 கிராம்கூட இல்லை

வளர்ந்த, முட்டையிடாத கிளிகள் பெரும்பாலானவற்றுக்கு, உலர்ந்த உணவில் 10 முதல் 15 விழுக்காடு புரதம் போதும். மிட்டு அளவுள்ள கிளி நாளொன்றுக்குச் சுமார் 15 கிராம் உலர் உணவு தின்னும். 12 விழுக்காடு என்று வைத்தால் 1.8 கிராம் புரதம். அவ்வளவுதான்.

ஒரு கோழி முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. அம்மா வைத்த கால் முட்டையே 1.5 கிராம். எடைக்கு எடை பார்த்தால், 60 கிலோ மனிதர் ஒரே வேளையில் 120 முட்டை சாப்பிடுவதற்குச் சமம்! சிறிய உடம்பு உணவை வேகமாக எரிக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் இது அதிகம்.

விழுக்காட்டில் இன்னொரு குழப்பமும் உண்டு. பெல்லட் பையில் 12 விழுக்காடு என்று போட்டிருக்கும். அவித்த முட்டையிலும் 12, 13 விழுக்காடுதான். அப்படியானால் இரண்டும் ஒன்றா? இல்லை. முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். தண்ணீரை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால் அதில் பாதி புரதம்.

குவாச்சியின் தந்திரம்

தோல் நீக்கிய சூரியகாந்தி விதையில் சுமார் 20 விழுக்காடு புரதம் உண்டு. ஆக, குவாச்சியை மட்டும் தின்றாலே மிட்டுவுக்குத் தேவைக்கு மேல் புரதம் கிடைத்துவிடும். கூடவே பாதி எடைக்குக் கொழுப்பும் போகும். கல்லீரல் கெட்டது அங்கேதான்.

பிறகு ஏன் இறகு மங்கியது? அளவு இருந்தது, தரம் இல்லை. விதைகளில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. வைட்டமின் ஏ-யும் கால்சியமும்கூடக் குறைவு. தானியத்தோடு பருப்பு சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும். நாம் சோற்றோடு பருப்பு சேர்ப்பதும் அதனால்தான் நல்லது.

மிஞ்சும் புரதத்தைப் பறவையின் உடம்பு சேமித்து வைக்காது. கல்லீரல் அதன் கழிவை யூரிக் அமிலமாக்க, சிறுநீரகம் அதை வெளியேற்றும். எச்சத்தில் தெரியும் வெள்ளைப் பகுதி அதுதான். நலமான சிறுநீரகம் ஓரளவு சமாளிக்கும். பழுதடைந்த சிறுநீரகத்துக்கு அது கூடுதல் சுமை.

எப்போது கூட்டலாம்?

வளரும் குஞ்சுகளுக்குச் சுமார் 20 விழுக்காடு தேவை. இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது என்பதால், இறகு உதிர்த்து முளைக்கும் காலத்திலும் சற்றுக் கூட்டலாம். முட்டையிடும் பெண் கிளிக்கும் தேவை அதிகம். ஆனால் துணையில்லாத பெண் கிளிக்கு முட்டையும் சத்தான மென்மையான உணவும் தொடர்ந்து கொடுத்தால், அது சும்மாவே முட்டையிடத் தொடங்கலாம். முட்டை உள்ளே சிக்கினால் உயிருக்கே ஆபத்து. தேன் குடிக்கும் லோரி வகைக்கோ மற்றக் கிளிகளைவிடக் குறைந்த புரதமே போதும்.

கிண்ணத்தில் என்ன வைக்கலாம்?

• உணவில் பெரும்பகுதி தரமான பெல்லட். காய்கறி கால் பங்கு வரை. விதையும் கொட்டையும் பத்தில் ஒரு பங்குக்குள்.

• கேரட், மஞ்சள் பூசணி, முருங்கைக்கீரை, சிவப்பு மிளகாய் ஆகியவற்றில் வைட்டமின் ஏ கிடைக்கும். மிளகாயின் காரம் கிளிக்கு உறைக்காது.

• உப்பில்லாமல் அவித்த பச்சைப்பயறு அல்லது கொண்டைக்கடலை ஒரு தேக்கரண்டி. சாம்பாருக்குப் பருப்பு வேகும்போதே எடுத்து வைத்துவிடலாம்.

• முட்டை வாரம் ஒன்றிரண்டு முறை, அரைத் தேக்கரண்டி, நன்றாக அவித்தது. கோப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டை வேண்டாம்.

• நம் வெப்பத்தில் முளைப்பயறும் அவித்த உணவும் சீக்கிரம் கெடும். இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். பூஞ்சை பிடித்த நிலக்கடலை கல்லீரலுக்கு நஞ்சு.

• அவகாடோ, சாக்லேட், வெங்காயம், வேகாத சிவப்பு அவரை கூடாது. பாலும் செரிக்காது. பாலில் நனைத்த ரொட்டி பாசம்தான், உணவு அல்ல.

ஒரே நாளில் குவாச்சியை நிறுத்திவிடாதீர்கள். பெல்லட்டை உணவென்றே அறியாத கிளி பட்டினி கிடக்கும். சில வாரங்களில் மெல்ல மாற்றுங்கள். தினமும் காலையில் சமையலறை டிஜிட்டல் தராசில் எடை பாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் உடனே மருத்துவரிடம் போகவேண்டும்.

மிட்டு மாறுவதற்கு இரண்டு மாதம் பிடித்தது. முதல் வாரம் பெல்லட்டை ஒவ்வொன்றாக எடுத்துக் கூண்டுக்கு வெளியே எறிந்தான். அம்மா அழாத குறை. இப்போது 134 கிராம். அடுத்த முறை இறகு உதிர்ந்தபோது முளைத்தவை பளிச்சென்று இருந்தன.

தராசு இப்போது அம்மாவின் பொறுப்பில். பழைய நாள்காட்டியின் பின்பக்கத்தில் எடையைத் தேதி போட்டு எழுதுகிறார். முட்டை புதன், ஞாயிறு மட்டும். வெள்ளிக்கிழமை வீட்டில் சைவம் என்பதால், அன்று மிட்டுவுக்கும் பச்சைப்பயறுதான்.