கம்பெனி வக்கீல் வந்துவிட்டால் வழக்கு முடிந்ததா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய மண்ணூர்பேட்டையில் கம்பெனி வேலையை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். திடீரென வேலையை விட்டு நிறுத்தினால் பலரும் சொல்வது, "அவர்கள் பெரிய வக்கீல் வைப்பார்கள், நம்மால் முடியுமா?" என்பதுதான்.

இந்த அச்சம் காரணமில்லாமல் வந்ததல்ல. பெரம்பூர் பின்னி ஆலைத் தகராறில், தொழிற்சங்கத் தலைவர் பி.பி. வாடியா மீது நிர்வாகம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து 1920-ல் தடையாணை பெற்றது. தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்பது குற்றச்சாட்டு. வாடியா ஒதுங்க நேர்ந்தது. ஆனால் அந்த வழக்கு எழுப்பிய கேள்விகளே 1926 தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவகுத்தன.

சுதந்திரத்திற்குப் பின் நிலை மாறியது. 1947 தொழில் தகராறுகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, சமரச அலுவலர் முன் எந்தத் தரப்புக்கும் வக்கீல் வாதாட முடியாது. தொழிலாளர் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பின் சம்மதமும் நீதிமன்ற அனுமதியும் இருந்தால்தான் வக்கீல் வரலாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்திலும் இந்தக் கட்டுப்பாடு தொடர்கிறது.

ஆனால் ஓர் ஓட்டை உண்டு. முதலாளிகள் சங்கத்தின் நிர்வாகியாக இருப்பவர் வக்கீலாகவும் இருந்தால், அந்தப் பொறுப்பில் அவர் சம்மதமின்றியே ஆஜராகலாம் என்று பாரதீப் துறைமுக வழக்கில் 1976-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. தொழிலாளிக்கும் தொழிற்சங்க நிர்வாகி மூலம் இதே வழி உண்டு. நடைமுறையில் தொழிலாளியும் வக்கீல் வைப்பதால், இரு தரப்பும் சம்மதித்தே வழக்கு நடக்கிறது. உயர் நீதிமன்றத்துக்குப் போனால் இந்தத் தடையே கிடையாது.

உண்மையில் முதலாளி தரப்பு வக்கீலின் பெரும்பகுதி வேலை நீதிமன்றத்துக்கு வெளியே, வழக்குக்கு முன்பே முடிந்துவிடுகிறது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை, உள் விசாரணை, விசாரணை அறிக்கை என்று எல்லாம் காகிதமாகத் தயாராகிறது. அதனால் கம்பெனியிலிருந்து வரும் பதிவுத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்புவது பெரிய தவறு. "விளக்கம் கேட்டோம், தரவில்லை" என்று எழுத நாமே இடம் கொடுத்தவர்களாகிறோம். வாங்கிப் படித்து, எழுத்தில் பதில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ள வேண்டும். லீவு எடுத்ததால் வேலை தானாகவே போய்விட்டது என்று சொன்னாலும் ஏற்க வேண்டியதில்லை. விசாரணையின்றி அப்படி நீக்கக் கூடாது என்பது டி.கே. யாதவ் வழக்கில் 1993-ல் வந்த தீர்ப்பு.

காலக்கெடு முக்கியம். வேலைநீக்கத்தை எதிர்த்து நேரடியாகச் செல்ல முன்பு 3 ஆண்டுகள் இருந்தன. புதிய சட்டத்தில் 2 ஆண்டுகள்தான்.

நம்மில் சிறு பட்டறை நடத்துவோருக்கும் ஒரு சொல். வேலை குறைந்து ஆள் குறைப்பதென்றால், ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு ஒரு மாத நோட்டீஸும், ஆண்டுக்கு 15 நாள் சம்பளமும் தரவேண்டும். நாளுக்கு 600 ரூபாய் வாங்கிய 8 ஆண்டு ஊழியருக்கு 72,000 ரூபாய். 5 ஆண்டு முடித்தவருக்குப் பணிக்கொடை தனி. இதைத் தர மனமில்லாமல் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி அனுப்பினால், பல ஆண்டு கழித்துப் பின்சம்பளத்தோடு மீண்டும் வேலை கொடு என்ற உத்தரவு வரலாம். நேர்மையான வக்கீல் இதைத் தம் கட்சிக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்.