மிருகம் என்று சொன்னால் போதுமா?

காசி விசுவநாதர் கோயிலாலும் குற்றாலத்துச் சாரலாலும் பெயர் பெற்றது தென்காசிச் சீமை. ஆனால் 2016-ம் வருஷத்தில் அதன் பெயர் நாடெங்கும் அடிபட்டது ஒரு கொலை வழக்கினால். அவ்வாண்டு ஜூன் 24-ந் தேதி காலை, சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், வேலைக்குச் செல்ல வண்டிக்குக் காத்திருந்த இளம்பெண் ஒருத்தி பலர் பார்த்திருக்க வெட்டிக் கொல்லப்பட்டாள். ஒரு வாரம் கழித்து, செங்கோட்டைப் பகுதிக் கிராமமொன்றில் வாலிபன் ஒருவன் கைது செய்யப்பட்டான். அவன் அப்பெண்ணைப் பின்தொடர்ந்து வந்தவன் என்றும், அவள் மறுத்ததே கொலைக்குக் காரணம் என்றும் போலீஸார் கூறினர். செப்டம்பர் 18-ந் தேதி அவன் புழல் சிறையில் மாண்டான். தற்கொலை என்றனர் அதிகாரிகள். குடும்பத்தார் அதை ஏற்கவில்லை. விசாரணை நடவாமலே வழக்கு முடிந்தது. பெண்ணின் உயிரும் போயிற்று. உண்மையை நீதிமன்றத்தில் நிலைநாட்டும் வாய்ப்பும் போயிற்று.

அந்நாட்களில் ஜனங்களிடையே இருவிதப் பேச்சுக்கள் கிளம்பின. “இத்தகையவன் மனிதனல்லன், மிருகம்” என்பது ஒன்று. “அவன் எந்த ஊரான், எந்த ஜாதியான்?” என்பது மற்றொன்று. முதலாவது பேச்சு கோபத்தை ஆற்றும். அடுத்த குற்றத்தைத் தடுக்காது. இரண்டாவது பேச்சோ, நம் நாடு பட்ட பழைய துன்பம் ஒன்றை மறந்த பேச்சு.

பிறப்பைக் கொண்டு குற்றவாளியை வகைப்படுத்தும் வித்தையை அந்நிய சர்க்கார் நம்மிடம் நடத்திக் காட்டிற்று. வட இந்தியாவில் 1871-ல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்தையும் பற்றியது. மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி ஜில்லாக்களில் கள்ளர், மறவர் சமூகங்களின் பல பிரிவினர் கைரேகை பதிக்க வேண்டியவராயினர். குற்றம் ஏதும் செய்யாத மனிதன், தாய் வயிற்றில் பிறந்த ஒரே காரணத்தால், இரவில் போலீஸ் காவலில் படுக்கும்படி நேர்ந்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3-ந் தேதி துப்பாக்கிக்கு இரையாயினர். நீண்ட போராட்டத்தின் பின் 1947-ல் இம்மாகாணத்திலும், 1952-ல் நாடெங்கிலும் அச்சட்டம் ஒழிந்தது. ஐரோப்பாவிலும் இதே காலத்தில் லொம்ப்ரோஸோ என்ற இத்தாலிய வைத்தியர், மண்டையோட்டையும் முகத்தையும் அளந்தால் பிறவிக் குற்றவாளியைக் கண்டு கொள்ளலாம் என்று 1876-ல் நூல் எழுதினார். பிற்காலத்து ஆராய்ச்சி அக்கொள்கையைத் தள்ளிவிட்டது.

அப்படியானால் வகைப்படுத்துவதே பிழையா? இல்லை. பிறப்பை வகுத்தது பிழை. செயலையும் அதன் பின்னுள்ள நோக்கத்தையும் வகுப்பது அவசியம். குற்றாலத்து ஐந்தருவியில் தண்ணீர் ஐந்து கிளையாக விழுவது போல, பின்தொடரும் குற்றமும் ஐந்து வழியில் வருகிறதென்று மனோதத்துவ நிபுணர்கள் கண்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பால் மல்லன் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும், சிகிச்சைக்கு வந்த 145 பேரை ஆராய்ந்து 1999-ல் இவ்வகைகளை வெளியிட்டனர். உறவு முறிந்ததைப் பொறுக்காதவன் ஒருவன். முன்னாள் கணவனோ காதலனோ பெரும்பாலும் இவ்வகை. பழக்கமில்லாத பெண் தன்னை நேசிப்பதாகவே நம்பி மயங்குகிறவன் இரண்டாமவன். பெண்ணிடம் பழகும் முறை அறியாமல், மறுப்பையும் மதியாமல் நச்சரிப்பவன் மூன்றாமவன். தனக்குத் தீங்கிழைத்ததாகக் கருதும் ஒருவரைப் பயமுறுத்த அலைபவன் நான்காமவன். பலாத்காரத்துக்குத் திட்டமிட்டு, இரை தேடுவோன் போல் மறைந்து நோட்டமிடுகிறவன் ஐந்தாமவன்.

இவ்வாராய்ச்சியில் ஒரு முடிவு நம்மவர் நெஞ்சில் பதிய வேண்டியது. சித்தப்பிரமை உடையோரும் இல்லாதோரும் சரிசமமாகவே மிரட்டினர். ஆனால் மிரட்டலுக்குப்பின் கைநீட்டியவர்களில் சித்தப்பிரமை இல்லாதோரே இரு மடங்கு. ஆகவே “பைத்தியக்காரன் செயல்” என்று ஒதுக்குவதும் தவறு. மனநோயாளிகளையெல்லாம் கொடியவரென்று அஞ்சுவது அதனினும் தவறு. பலாத்காரக் குற்றவாளிகளைப் பற்றி 1979-ல் நூலெழுதிய நிக்கலஸ் கிராத் என்ற அமெரிக்கரும், வெறும் காமத்தைவிட ஆதிக்க வெறியும் கோபமும் பிறர் துன்பத்தில் காணும் இன்பமுமே அவர்களைத் தூண்டுவதாக வகுத்தார். காமத்தின் பங்கை அவர் குறைத்து மதிப்பிட்டதாகப் பின்வந்தோர் கூறினாலும், பெண்ணின் உடையும் நடையுமே காரணமென்று பேசும் நம்மூர்ப் பெரியவர்களுக்கு அது தக்க மறுமொழி.

வகை வேறானால் மருந்தும் வேறு. மயக்கங் கொண்டவனுக்குச் சிறையுடன் வைத்தியமும் வேண்டும். பழகத் தெரியாதவன் ஆரம்பத்திலேயே கண்டிப்பான எச்சரிக்கையால் அடங்கக்கூடும். ஆனால் வேறொரு பெண்ணை நாடிப்போகாதபடி அவனைக் கண்காணிக்கவும் வேண்டும். முறிந்த உறவை விடாதவனும், மறைந்து நோட்டமிடுகிறவனும் அபாயமானவர்கள். அங்கே சமாதானப் பேச்சு உயிருக்கே கேடு. எல்லோரையும் ஸ்டேஷனில் ஒரே வரிசையில் நிறுத்தி, நாலு வார்த்தை திட்டி அனுப்பி விடுவதால் பயனில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்குவதும் பாதுகாப்பாகாது.

நம் நாட்டில் பின்தொடர்வதைத் தனிக் குற்றமாகச் சட்டம் ஏற்றதே 2013-ல்தான். டில்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடுமைக்குப்பின் நீதிபதி வர்மா கமிட்டி செய்த சிபாரிசை ஒட்டி அது வந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதீய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவாக அது விளங்குகிறது. ஆனால் புகார் செய்தாலல்லவா சட்டம் வேலை செய்யும்? புகார் செய்யும் பெண்ணின் படிப்பை நிறுத்தி, அவசரமாய்க் கல்யாணம் செய்து வைக்கும் வீடுகள் எத்தனை! “வயசுப் பையன், விளையாட்டாகச் செய்கிறான்” என்று மழுப்பும் ஊர்ப் பெரியவர்கள் எத்தனை பேர்! மறுக்கும் பெண்ணைத் துரத்தித் துரத்தி இணங்க வைப்பதே காதலென்று நமது சினிமா பல்லாண்டாகப் போதித்து வருகிறது. மூன்றாவது வகையினனுக்கு அதைவிடக் கெட்ட ஆசான் வேறில்லை.

சாரல் காலத்தில் குற்றாலத்தில் பெண்டிர் குளிக்கத் தனியிடம் ஒதுக்கிப் போலீஸ் காவலும் வைக்கிறோம்; நன்று. அந்தக் காவல் அருவிக்கரையோடு முடிந்துவிடுகிறது. பஸ் நிலையத்திலும், கல்லூரி வாசலிலும், கைப்பேசியிலும் தொடர்கிறவனை யார் தடுப்பது? 2019 நவம்பரில் தென்காசி தனி ஜில்லாவாயிற்று. புதிய ஜில்லாவில் தேச சேவை செய்ய விரும்பும் இளைஞர்களுக்கு இதோ வேலை: புகார் செய்யத் தயங்கும் பெண்ணுடன் துணையாகப் போலீஸ் நிலையம் செல்லுங்கள், முதல் புகாரையே பதிவு செய்யச் சொல்லி நில்லுங்கள், மனநோய் வைத்தியரின் யோசனையைக் கேட்கும்படி அதிகாரிகளை வற்புறுத்துங்கள், பின்தொடர்கிறவன் உங்கள் நண்பனேயானாலும் அவன் முகத்துக்கு நேரே கண்டியுங்கள்.

மிருகம் என்று ஒருவனை அழைத்துவிட்டால் நம் பொறுப்புத் தீர்ந்ததென்று எண்ணுகிறோம். அவன் மனிதன், நம் தெருவில் வளர்ந்தவன், பல நாட்களாக எல்லோரும் காணவே பின்தொடர்ந்தவன். கண்டும் வாளாவிருந்தோரை எந்த வகையில் சேர்ப்பது என்ற கேள்விக்கு மனோதத்துவ நூல்களில் விடை தேட வேண்டியதில்லை; அதை நாம்தான் சொல்லவேண்டும்.