மகனை இழந்த மந்திரி சொன்ன சேதி

வங்காளியில் 'நேஷா', இந்தியில் 'நஷா'. டீ குடிக்காவிட்டால் தலை வலிக்கிறது என்பவருக்கும் பிரவுன் சுகருக்கு அடிமையானவருக்கும் இந்த ஒரே சொல்தான். நாம் குடி வேறு, போதைப்பொருள் வேறு என்று பிரித்துப் பேசுகிறோம். மருத்துவக் கணக்கில் மதுவும் போதைப்பொருளே. இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. கீழே குறிப்பிடப்படும் தந்தை நடத்திய இயக்கத்தின் பெயரே 'நஷா முக்த் சமாஜ்', அதாவது போதையற்ற சமுதாயம்.

அவர் பெயர் கௌஷல் கிஷோர். லக்னோவை ஒட்டிய மோகன்லால்கஞ்ச் தொகுதியின் எம்.பி.யாக 2014 முதல் 2024 வரை இருந்தவர். 2021 முதல் 2024 வரை மத்திய அரசில் நகர்ப்புற விவகாரத் துறையின் இணையமைச்சர். மனைவி ஜெய்தேவி மலிஹாபாத் தொகுதியில் எம்.எல்.ஏ. ஆனவர். இவர்களுடைய மகன் குடிப்பழக்கத்தால் 2020 அக்டோபர் 19 அன்று இறந்துபோனார். அப்போது அவருடைய குழந்தைக்கு வயது இரண்டுதான்.

2022 டிசம்பரில் சுல்தான்பூர் மாவட்டம் லம்புவாவில் நடந்த ஒரு கூட்டத்தில் கிஷோர் இந்தக் கதையை ஒளிவுமறைவின்றிச் சொன்னார். மகனுக்கு நண்பர்களோடு குடிக்கும் பழக்கம் வந்தது. போதை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார்கள். இனி விட்டுவிடுவான் என்று நம்பி ஆறு மாதத்தில் கல்யாணம் செய்துவைத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு மறுபடி குடிக்க ஆரம்பித்தார். எம்.பி.யான நானும் எம்.எல்.ஏ.வான என் மனைவியும் சேர்ந்தே எங்கள் பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லையே, சாதாரண ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டார். குடிக்கிற அதிகாரியைவிட ரிக்ஷா இழுப்பவரோ கூலி வேலை செய்பவரோ நல்ல மாப்பிள்ளை என்றும் சொன்னார். பத்திரிகைகள் பெரும்பாலும் இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் தலைப்பாக்கின. எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்கு முந்தையது, அந்த ஆறு மாதம்.

'ஒரு கால்கட்டு போட்டுவிட்டால் திருந்திவிடுவான்' என்று நம் வீடுகளில் சொல்லாதவர் உண்டா? நம்மைப் போல் வெளியூரில் குடியேறியவர்களிடம் இதில் இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொள்கிறது. கும்பகோணத்திலோ பாலக்காட்டிலோ பெண் எடுக்கிறோம். கல்கத்தாவில் பையன் எப்படி என்று விசாரிக்க அவர்களுக்கு வழி குறைவு. நாம் சொல்வதுதான் சாட்சி. லேக் மார்க்கெட்டில் நாலு பேர் பேசிக்கொள்வார்களே என்று இங்கேயும் மூடி மறைக்கிறோம், அங்கேயும் மறைக்கிறோம். நடுவில் ஒரு பெண்ணின் வாழ்க்கை மாட்டிக்கொள்கிறது.

மையத்திலிருந்து வந்தவர் ஏன் மறுபடி குடிக்கிறார்? மன உறுதி இல்லை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உடலில் உள்ள மதுவை இறக்குவது முதல் படி மட்டுமே, அது சில நாட்களில் முடிந்துவிடும். பல வருஷமாகப் போதைக்குப் பழகிய மூளை சீராக மாதக்கணக்கில், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ரயில்பாதையில் ஜல்லியைத் தோண்டிச் சலித்துப் போட்ட பிறகு முதல் வண்டியை முழு வேகத்தில் விட மாட்டோம். 20 கிலோமீட்டர் என்று கட்டுப்பாடு போட்டு, பாதை இறுக இறுகப் படிப்படியாகத்தான் ஏற்றுவோம். கல்யாணம், புது வேலை, கையில் தாராளப் பணம் எல்லாமே முழு வேகம்தான்.

இன்னொன்று. வருஷக்கணக்காக நிறையக் குடித்தவரை அறையில் பூட்டி ஒரே நாளில் நிறுத்தவைப்பது ஆபத்து. இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை வரலாம், உயிரும் போகலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அபின் வகைப் போதைகளில் ஆபத்து வேறு மாதிரி. சிகிச்சை முடிந்து சில வாரம் கழித்துப் பழைய அளவையே எடுத்தால், தாங்கும் சக்தி குறைந்துவிட்ட உடம்பில் மூச்சு நின்றுபோகும்.

கிஷோர் ஊர் ஊராகப் போய் இளைஞர்களிடம் போதையைத் தொடமாட்டோம் என்று உறுதிமொழி வாங்கினார். இன்னும் ஆரம்பிக்காத பிள்ளைகளுக்கு இது நல்லதே. ஏற்கெனவே அடிமையாகிவிட்டவருக்குச் சத்தியம் போதாது, சிகிச்சை வேண்டும். அங்கேதான் நாடு பின்தங்கி நிற்கிறது. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதாவது சிகிச்சை பெற்றதாகச் சொன்னார்.

போலீஸ் பயத்தால் மறைப்பவர்களும் உண்டு. 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குக்கு உள்ளான போதை அடிமை, தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற இடத்திலோ சிகிச்சை எடுத்து முடித்தால் அந்த வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் விட்டுவிட்டால் விலக்கும் போய்விடும்.

சென்னை அடையாறு பக்கம் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கியது. இந்தப் பணிக்காக 1992இல் பத்மஸ்ரீ பெற்றார். அங்கே நோயாளியோடு மனைவி, தாய் தகப்பனுக்கும் ஆலோசனை உண்டு. தமிழிலேயே பேசலாம் என்பது வங்காளியில் மனம் திறக்க முடியாத நம் தாய்மார்களுக்குப் பெரிய ஆறுதல். அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்குக் கல்கத்தாவிலேயே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணமில்லை, முழுப்பெயர் கேட்பதில்லை. போதை பற்றிய ஆலோசனைக்கு மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண் 14446. மனநலத்துக்கான டெலி மானஸ் எண் 14416. இது 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழிலும் வங்காளியிலும் பேசுவார்கள். பையன் பேச மறுத்தாலும் பெற்றோர் தாங்களே கூப்பிட்டு யோசனை கேட்கலாம்.