மீனவன் கடவுளான ஊர்

கிரேக்கக் கடலில் தெய்வங்களுக்குப் பஞ்சமில்லை. பொசைடன், நெரியஸ், ட்ரைட்டன் எல்லாம் பிறப்பிலேயே தெய்வங்கள். மனிதப் பிறவியாக இருந்து கடல் தெய்வமான இனோகூட ஓர் அரசன் மகள். கிளாக்கஸ் அப்படியல்ல. மீன் பிடித்துப் பிழைத்தவன்.

அவன் ஊர் அந்தெடோன். ஏதென்ஸுக்கு வடக்கே பொயோட்டியாவின் கரையில், யூபியா தீவைப் பார்த்தபடி இருந்த சிறிய துறைமுகம். ஒருநாள் கிளாக்கஸ் நனைந்த வலையைக் காயப்போட்டுவிட்டு, எண்ணிப் பார்ப்பதற்காக மீன்களைப் புல்தரையில் வரிசையாகப் பரப்பினான். மாடு மேயாத, அரிவாள் படாத புல் அது. செத்துக் கிடந்த மீன்கள் அசைந்தன, புரண்டன, தரையிலேயே நீந்துவதுபோல நழுவிக் கடலுக்குள் போய்விட்டன. அந்தப் புல்லில் ஒரு பிடி பறித்து அவனும் மென்றான். நெஞ்சு படபடத்தது, கரையில் நிற்கவே முடியவில்லை. நிலத்திடம் விடைபெற்றுக் குதித்துவிட்டான். பச்சைத் தாடியும் மீன் வாலுமாகக் கடலில் எழுந்தான். ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் விதம் இது.

ஓவிட்டைவிட எனக்கு நெருக்கமானவர் இன்னொருவர். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் கிரேக்க ஊர்களைச் சுற்றி எழுதிய ஹெராக்ளைடிஸ் என்ற பயணி. அவர் நூலில் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கிறது. அதில் அந்தெடோனும் இருக்கிறது. ஊரில் அநேகமாக எல்லோருமே மீனவர்கள் என்கிறார். தூண்டிலும், ஊதாச் சாயம் தரும் சங்கும், கடற்பஞ்சும்தான் பிழைப்பு. ஓடம் விடுகிறார்கள், படகு கட்டுகிறார்கள். உழுவதற்கு நிலமே கிடையாது. கரையில், பாசிக்கு நடுவே, குடிசைகளிலேயே கிழமாகிறார்கள். சிவந்த முகம், ஒல்லி உடம்பு, கடல் வேலையில் தேய்ந்துபோன நக நுனிகள். தாங்கள் கிளாக்கஸின் வம்சம் என்கிறார்கள்.

என் அப்பா வலை இழுத்தவர். உப்புத் தண்ணீரும் கயிறுமாகச் சேர்ந்து அவர் நகங்களைச் சதை வரைக்கும் தின்றிருந்தன. கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அம்மாவைக் கூப்பிடுவார். கோயிலையும் கோட்டையையும் எழுதிப் போகிற பயணிகளுக்கு நடுவே, 2,200 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மனிதர் குனிந்து அந்த நகத்தைப் பார்த்திருக்கிறாரே! அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கடவுளான பிறகு கிளாக்கஸின் வேலை குறி சொல்வது. கூட்டாளி ஹெராக்ளிஸைக் கரையில் தவறவிட்டுவந்ததால் ஆர்கோ கப்பல் வீரர்களுக்குள் சண்டை மூண்டபோது, கடலுக்குள்ளிருந்து எழுந்து கப்பலைப் பிடித்து நிறுத்தி, இது தெய்வச் சித்தம் என்று சொன்னவன் அவன். டிராயிலிருந்து திரும்பிய மெனலாஸுக்கு, அண்ணன் அகமெம்னான் செத்த செய்தியைச் சொன்னதும் அவன்தான். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அந்தெடோனுக்குப் போன பவுசானியாஸ், கரையில் 'கிளாக்கஸ் குதித்த இடம்' என்று ஒன்று இருந்ததைக் குறித்திருக்கிறார். அவன் சொன்ன குறிகளைப் பற்றிக் கடலோடிகள் வருடந்தோறும் புதுப்புதுக் கதை பேசுவார்களாம்.

பழைய உரைக் குறிப்பு ஒன்று இன்னும் இருட்டான கதை சொல்கிறது. ஆண்டுக்கொரு முறை அவன் கடல் விலங்குகளோடு கரைகளையும் தீவுகளையும் சுற்றி வருவான். நல்ல வாக்கே அவன் வாயில் வராது. மீனவர்கள் அந்த இரவுக்காகப் பயந்து காத்திருப்பார்கள். அவனோ, தனக்குச் சாவு வரமாட்டேன் என்கிறதே என்று அழுவானாம். சாகாவரம் பெற்றவன் சாவுக்கு ஏங்குவதைக் கடலில் ஆட்களைப் பறிகொடுத்த ஜனங்கள்தான் கற்பனை செய்திருக்க முடியும் என்று நினைக்கிறேன்.

ஓவியர்களுக்குப் பிடித்தது அவன் காதல் கதை. ஸ்கில்லா என்ற பெண்ணைக் கண்டு மயங்கினான். அவள் அவன் உருவத்துக்குப் பயந்து ஓடினாள். சூனியக்காரி கிர்கேயிடம் உதவி கேட்கப் போனான். கிர்கே அவனையே விரும்பினாள். அவன் மறுத்த கோபத்தில் ஸ்கில்லா குளிக்கும் நீரில் விஷத்தைக் கலந்தாள். அந்தப் பெண்ணின் இடுப்பில் நாய்த் தலைகள் முளைத்தன. ரூபன்ஸ் வரைந்திருக்கிறார், 1841-இல் டர்னர் வரைந்திருக்கிறார். ஸ்கில்லாவுக்கு நடந்ததை நினைத்தால் அந்த ஓவியங்களின் அழகை என்னால் ரசிக்க முடிவதில்லை.

பிளேட்டோ 'குடியரசு' நூலின் கடைசிப் பகுதியில் இவனை உவமையாக்குகிறார். அலை அடித்து உடம்பு சிதைந்து, சிப்பியும் பாசியும் கல்லும் ஒட்டி, பழைய உருவமே தெரியாமல் போன கிளாக்கஸைப் போலத்தான் மனித ஆன்மாவும். ஒட்டியதை நீக்கிப் பார்த்தால்தான் அதன் இயல்பு புரியும் என்பது அவர் வாதம். ஆன்மாவுக்கு அது பொருந்தலாம். கிளாக்கஸுக்குப் பொருந்தாது. அந்தெடோன் மக்கள் உறவு கொண்டாடியது அந்தச் சிப்பி ஒட்டிய உடம்போடுதான்.

அவன் பெயர் இன்று ஓர் உயிருக்கும் உண்டு. 1777-இல் அறிவியல் பெயர் பெற்ற 'கிளாக்கஸ் அட்லாண்டிகஸ்', விரல் நீளம்கூட இல்லாத நீல நிறக் கடல் நத்தை, ஓடு கிடையாது. மல்லாந்தபடியே மிதக்கும். விஷச் சொறிமீன் போன்ற உயிர்களைத் தின்று, அவற்றின் கொட்டும் செல்களைச் செரிக்காமல் தன் உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்ளும். தின்றதால் மாறிப்போனவனின் பெயர் அதற்கு நன்றாகவே பொருந்துகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் ஒதுங்கியது. பார்க்க அழகாக இருக்கும், பிள்ளைகள் எடுக்க ஆசைப்படுவார்கள். செத்துக் கிடந்தாலும் கொட்டும், வெறுங்கையால் தொடவிடாதீர்கள்.