கணக்குல லாபம்... கையில காசு எங்கே?

ரமணாசிரமம் எதிரே ஒரு டீக்கடை. சாயங்காலம் ஆறு மணி. ஆசிரமத்துக்குள்ளே மயில் அகவுது, வெளியே செங்கம் ரோட்டில் பஸ் ஹாரன் அலறுது. வாடகை ஸ்கூட்டரில் ஒரு வெள்ளைக்காரர் வேட்டி பறக்கப் போறார். நிம்மதி தேடி உலகமே வர்ற இந்த ஏரியாவில் டென்ஷனா உட்கார்ந்திருந்தது ரெண்டே பேர்தான். ஒண்ணு, மூணு அரியர் வெச்சிருக்கிற நான். இன்னொண்ணு, எங்க பெரியப்பா பொண்ணு.

அக்கா ஒரு பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். காமர்ஸ் டிபார்ட்மென்ட். ரெண்டு மாசமா சம்பளம் வரலை.

"போன வருஷம் கணக்குல உபரின்னு சொன்னாங்களேக்கா?"

"உபரி பேப்பர்ல இருக்குடா தம்பி. சம்பளம் பேங்க்லேர்ந்துதானே வரணும்?"

டீ ஆறிப் போச்சு. ஆனா அந்த ஒரு வரி என்னை விடலை. இன்ஜினீயரிங் பையனான எனக்கு அக்கா நடத்தின அந்த அரை மணி நேர கிளாஸ்தான் இந்த வாரக் கட்டுரை. ஓடிடாதீங்க பாஸ், இது உங்க ஃபீஸ் பத்தின மேட்டரும்கூட!

உங்க பர்ஸ்தான் முதல் பாடம்

உங்க ரூம்மேட் உங்களுக்கு ஐநூறு ரூபாய் தரணும். கணக்குப்படி அது உங்க சொத்து. ஆனா மெஸ் பில் கட்ட அந்த ஐநூறை நீட்ட முடியுமா? முடியாது! இவ்வளவுதான் வித்தியாசம். 'வரணும்'கிறது ஒரு கணக்கு, 'வந்துடுச்சு'ங்கிறது இன்னொரு கணக்கு. ரெண்டாவதைச் சொல்றதுதான் கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட். பிளஸ் டூவில் காமர்ஸ் படிச்சவங்க பாஷையில், ரொக்க ஓட்ட அறிக்கை.

ஒரு கற்பனை யுனிவர்சிட்டியை எடுத்துக்குவோம். இந்த வருஷ ஃபீஸ் வருமானம் 60 கோடி. அரசு அறிவிச்ச மானியம் 40 கோடி. மொத்தம் 100. சம்பளம், பென்ஷன், பரீட்சை, கரன்ட் பில் எல்லாம் சேர்ந்து செலவு 92 கோடி. உபரி 8 கோடி. கைதட்டலாமா?

இருங்க. 60 கோடி ஃபீஸில் இணைப்புக் கல்லூரிகள் இன்னும் கட்டாதது 12 கோடி. கைக்கு வந்தது 48 மட்டும். 40 கோடி மானியத்தில் வந்து சேர்ந்தது 25. செலவு 92-ல் 6 கோடி வெறும் தேய்மானம். அதாவது, கட்டடமும் கம்ப்யூட்டரும் பழசாகுதுன்னு பேப்பரில் எழுதறது. பணமா வெளியே போனது 86 கோடி. ஆக 48-ம் 25-ம் சேர்ந்து வந்தது 73, போனது 86. எட்டுக் கோடி உபரி காட்டின அதே வருஷம், 13 கோடி துண்டு!

நாலு டப்பா ஃபார்முலா

இந்தப் பணத்தையெல்லாம் எப்படிப் பிரிச்சு வைக்கிறதுங்கிறதுதான் அறிக்கை தயாரிக்கிற வித்தை. இந்தியாவில் கம்பெனிகளுக்கான கணக்கியல் தரம் ஏ.எஸ்.3 மூணு டப்பா கேட்குது: இயக்கம், முதலீடு, நிதி திரட்டல். அமெரிக்காவில் அரசுக் கல்லூரிகளுக்கு நாலு டப்பா. அங்கே அரசு அமைப்புகளுக்குக் கணக்கு விதி எழுதற வாரியம் 1999-ல் அரசுக் கல்லூரி, யுனிவர்சிட்டிகளுக்குன்னே 35-ம் நம்பர் விதியைக் கொண்டுவந்தது. நம்ம கற்பனை யுனிவர்சிட்டியை அந்த நாலு டப்பாவில் போட்டுப் பார்ப்போம்.

முதல் டப்பா, அன்றாட இயக்கம். ஃபீஸ் வரவு 48, சம்பளம் முதலான செலவு 86. மைனஸ் 38.

ரெண்டாவது, கட்டடத்துக்கு இல்லாத நிதி உதவி. அரசு மானியம் இங்கேதான் உட்காரும். பிளஸ் 25.

மூணாவது, கட்டடம், லேப் மாதிரியான சொத்துகள். புது பிளாக்குக்குக் கட்டினது 10 கோடி. மைனஸ் 10.

நாலாவது, முதலீடு. துண்டு விழுந்ததைச் சமாளிக்க உடைச்ச ஃபிக்ஸட் டெபாசிட். பிளஸ் 20.

கூட்டிக் கழிச்சா மைனஸ் 3. வருஷ ஆரம்பத்தில் பேங்கில் 5 கோடி இருந்தது. முடிவில் 2 கோடி. பேங்க் பாஸ்புக்கும் அதே 2 கோடியைக் காட்டினா அறிக்கை பாஸ். காட்டலைன்னா ராத்திரி தூக்கம் அரியர்!

இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. முதல் டப்பா மைனஸ் 38-ன்னு பார்த்ததும் 'யுனிவர்சிட்டி காலி'ன்னு அலறக் கூடாது. மானியம் வேற டப்பாவில் இருக்கறதால், அரசுக் கல்லூரின்னா இயக்க டப்பா மைனஸில் இருக்கறது சகஜம். குறைஞ்ச ஃபீஸ் வாங்கிட்டுப் பாடம் நடத்தறதுக்குத்தானே அது இருக்கு? பார்க்க வேண்டியது, ரெண்டாவது டப்பா அந்தப் பள்ளத்தை நிரப்புதா, இல்லே நாலாவது டப்பாவை உடைச்சு நிரப்பறாங்களாங்கிறதைத்தான்.

"டெபாசிட்டை எத்தனை வருஷம்டா உடைக்க முடியும்?" என்றார் அக்கா. பதில் தெரிஞ்ச கேள்விதான்.

மாட்டிக்கிற இடங்கள்

அறிக்கை போடறவங்க வழக்கமா வழுக்கி விழற இடங்கள் சில உண்டு.

காஷன் டெபாசிட். சேரும்போது கட்டினீங்களே, ஞாபகம் இருக்கா? அது காலேஜுக்கு வந்த ரொக்கம், ஆனா வருமானம் இல்லை. டி.சி. வாங்கும்போது உங்களுக்குத் திரும்ப வரவேண்டிய கடன். (கேட்டு வாங்குங்கப்பா!)

ஆராய்ச்சி நிதி. மத்திய அரசு ஒரு புராஜெக்ட்டுக்குத் தந்த பணம் பேங்கில் பளபளன்னு இருக்கும். அதை எடுத்துச் சம்பளம் போட முடியாது. அதனால் கட்டுண்ட பணத்தைத் தனியாச் சொல்லணும்.

ஃபிக்ஸட் டெபாசிட். மூணு மாசத்துக்குள்ளே முதிர்ற டெபாசிட்டை ரொக்கம் மாதிரியே எடுத்துக்கலாம். அதுக்கு மேலே போனா அது முதலீடு.

அப்போ நம்ம ஊர் யுனிவர்சிட்டிகள் என்ன பண்ணுது? மத்திய பல்கலைக்கழகங்களுக்கான அரசுப் படிவத்தில் இருக்கறது 'பெறுதல்கள் மற்றும் செலுத்தல்கள் கணக்கு'. வந்தது எல்லாம் ஒரு பக்கம், போனது எல்லாம் இன்னொரு பக்கம். பணம் அத்தனையும் அதில் இருக்கும், ஆனா டப்பா பிரிச்சிருக்காது. அரிசி, பருப்பு, மிளகாய் எல்லாம் ஒரே மூட்டையில் கொட்டின மாதிரி. அதைப் பிரிச்சு எடுத்தா கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்ட் ரெடி.

சென்னையில் நடந்த ஷாக்

இதெல்லாம் வெறும் தியரின்னு நினைச்சா, 2024 பிப்ரவரிக்குப் போங்க. 1857-ல் தொடங்கின சென்னைப் பல்கலைக்கழகத்தின் 37 வங்கிக் கணக்குகளை வருமான வரித் துறை முடக்கியது. கேட்ட வரி பாக்கி 424 கோடி ரூபாய்!

அரசு யுனிவர்சிட்டிக்கு வரியான்னு நீங்க கேட்கறது காதில் விழுது. 2014-ல் வந்த வருமான வரி விதி ஒண்ணு இருக்கு. ஒரு கல்வி நிறுவனத்தின் மொத்த வரவில் பாதிக்கு மேலே அரசு மானியமா இருந்தாத்தான் அது 'பெருமளவு அரசு நிதியில் நடக்குது'ன்னு அர்த்தம். அந்த வரிவிலக்கும் அப்போதான். மாநில அரசு தந்தது பாதிக்குக் கீழே போயிடுச்சுங்கறதுதான் வரித் துறையின் வாதம்.

பார்த்தீங்களா? ரெண்டாவது டப்பா மெலிஞ்சா முதல் டப்பாவை நிரப்ப ஃபீஸை ஏத்தணும். ஃபீஸ் ஏறினா மானியத்தின் பங்கு இன்னும் குறையும். அது பாதிக்குக் கீழே போனா வரி வரும். வரி வந்தா மறுபடி ரொக்கம் காலி. கிரிவலம் பதினாலு கிலோமீட்டரில் முடிஞ்சுடும். இந்த வலத்துக்கு முடிவே கிடையாது!

பத்து ரூபாயில் பார்க்கலாம்

நம்ம திருவண்ணாமலை மாவட்டத்து கலைக்கல்லூரிகள் இணைஞ்சிருக்கறது 2002-ல் உருவான வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோட. அதுவோ, வேற எந்த அரசு யுனிவர்சிட்டியோ, அதன் ஆண்டுக் கணக்கு ரகசியம் இல்லை. தகவல் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் பத்து ரூபாய் கட்டணத்தோட ஒரு மனு போடுங்க. முப்பது நாளைக்குள் பதில் தரணும்கிறது சட்டம். பெறுதல்கள் - செலுத்தல்கள் கணக்கைக் கேளுங்க. கையில் வந்ததும் நாலு டப்பா வரைஞ்சு பிரிச்சுப் பாருங்க. காமர்ஸ், இன்ஜினீயரிங் பேதமே வேணாம். கூட்டல் கழித்தல் தெரிஞ்சா போதும்.

டீக்குக் காசு கொடுக்க அக்கா பர்ஸைத் திறந்தார். நான் தடுத்து, முந்திக்கிட்டேன்.

"எழுதி வெச்சுக்கடா, அடுத்த மாசம் தர்றேன்."

"வரவு வெச்சாச்சுக்கா. ஆனா கேஷ் ஃப்ளோவில் காட்ட மாட்டேன்!"

ரெண்டு மாசத்துக்கு அப்புறம் அன்னிக்குத்தான் அக்கா சிரிச்சார். சம்பளம் இன்னும் வரலை.