மூன்று காலுறை போட்டும் விரல் ஏன் உறைந்தது?

மாணவர்களே, உங்கள் வீட்டு ஐஸ்பெட்டியின் மேல் கதவைத் திறந்து உள்ளே கையை வைத்து, அறுபது வரை எண்ணிப் பாருங்கள். மீனும் கோழியும் உறைந்து கிடக்கும் அந்த அறையின் வெப்பநிலை ஏறக்குறைய மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். பாதி எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றும். அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒரு வாரம் விடுமுறை கழிக்கப் பணம் கட்டிப் போகிறவர்கள் இப்போது நம் கெடாவிலும் இருக்கிறார்கள்.

சுங்கைப் பட்டாணியிலும் அலோர் ஸ்டாரிலும் பயண நிறுவனங்களின் கண்ணாடிக் கதவில் அந்த விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். பச்சை ஒளி நெளியும் வானம், கலைமான் இழுக்கும் சறுக்குவண்டி, கூட்டமாக ஓடும் ஹஸ்கி நாய்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பேக்கேஜ். அந்தப் பச்சை ஒளியைப் பற்றி இன்னொரு வாரம் பேசலாம். அது வானத்தில் நடப்பது. இன்று நான் சொல்ல வந்தது ஒரு காலணிக்குள் நடந்தது.

என் முன்னாள் மாணவி ஒருத்தி கூலிமில் ஒரு தொழிற்சாலையில் பொறியியலாளராக இருக்கிறாள். சென்ற டிசம்பரில் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு பின்லாந்தின் ரோவானியெமி நகருக்குப் போனாள். வடதுருவ வட்டத்தை ஒட்டிய ஊர் அது. டிசம்பர் கடைசியில் சூரியன் இரண்டு மணி நேரம் தலைகாட்டினாலே பெரிது. அவளுடைய அப்பா பீடோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் மரம் வெட்டியவர். கனத்த மேலுடையையும் காலணியையும் அங்கே கொடுப்பார்கள், தடித்த காலுறை மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள் என்று பயண நிறுவனம் சொல்லியிருந்தது. எந்தத் துணியில் என்று சொல்லவில்லை. அப்பா பருத்திக் காலுறை மூன்று சோடியை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டி, இறுகிய காலணிக்குள் காலைத் திணித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஹஸ்கி வண்டியில் ஒரு மணி நேரச் சவாரி. மாலையில் அறைக்கு வந்து காலணியைக் கழற்றினால், இடது காலில் இரண்டு விரல்கள் மெழுகுவர்த்தி போல வெளுத்துக் கிடந்தன. “வலிக்குதாப்பா?” என்று மகள் கேட்டாள். “ஒண்ணும் தெரியலையே, நல்லாத்தான் இருக்கு” என்றார் அவர்.

வலி இல்லை என்பதுதான் ஆபத்து. ஏன் என்பதைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன். முதலில் காலுறைக் கணக்கைப் பார்ப்போம்.

“குளிர் உள்ளே வருது, கதவைச் சாத்து” என்று நாம் சொல்கிறோம். அறிவியலில் குளிர் என்று ஒரு பொருள் கிடையாது. வெப்பம் மட்டுமே இருக்கிறது. அது எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு ஓடுகிறது. உங்கள் உடம்பு 37 டிகிரி, வெளியே மைனஸ் 20 என்றால், வித்தியாசம் 57 டிகிரி. நம் ஊரில் 30 டிகிரி வெயிலில் அந்த வித்தியாசம் வெறும் 7. வித்தியாசம் கூடக் கூட வெப்பம் ஓடும் வேகமும் கூடும்.

அது ஓடும் வழிகளைப் பள்ளியில் கொண்டுக்சி, பெரொலாக்கான், சினாரான் என்று படித்திருப்பீர்கள். தமிழில் கடத்தல், சலனம், கதிர்வீச்சு. வியர்வை ஆவியாவதையும் சேர்த்தால் நான்கு. கம்பளிச் சட்டையோ காலுறையோ வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இந்த ஓட்டத்தை மெதுவாக்குவதுதான் அதன் வேலை. அந்த வேலையைச் செய்வதும் பெரும்பாலும் துணி அல்ல, துணிக்குள் சிக்கி அசையாமல் நிற்கும் காற்று. காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். தண்ணீரோ அதைவிட ஏறக்குறைய 25 மடங்கு நன்றாகக் கடத்தும்.

அப்பாவின் காலுக்கு வருவோம். மூன்று காலுறைகளை இறுகிய காலணிக்குள் திணித்தபோது துணி நசுங்கியது. உள்ளே இருந்த காற்று வெளியேறிவிட்டது. ஒரே காலுறையைத் தளர்வாகப் போட்டிருந்தால் இதைவிடக் கதகதப்பாக இருந்திருக்கும். அடுத்தது வியர்வை. காலையில் பனியில் நடந்தபோது பாதம் வியர்த்தது. பருத்தி அந்த ஈரத்தைக் குடித்துப் பிடித்து வைத்துக்கொண்டது. காற்று இருக்க வேண்டிய இடத்தில் இப்போது தண்ணீர். கம்பளி இழை அப்படி அல்ல. அதன் சுருளுக்குள் காற்று நிற்கும்; ஈரத்தை இழைக்குள்ளே வாங்கிக்கொண்ட பிறகும் அது சப்பையாகிப் போவதில்லை. குளிர்நாட்டார் பருத்தியை உடலோடு ஒட்டி உடுத்தாததற்கு இதுதான் காரணம். மூன்றாவது, இறுக்கம் இரத்த ஓட்டத்தையும் குறைத்தது. விரலுக்குச் சூடு கொண்டுவருவது இரத்தம்தான், வேறு அடுப்பு அங்கே இல்லை.

இன்னொன்றும் உண்டு. தோட்டத்தில் இருந்த காலத்தில் விடியற்காலை இருட்டில், பனிமூட்டத்தில், ஐந்நூறு மரத்துக்குக் குறையாமல் நடந்து வெட்டியவர் அவர். “அப்பல்லாம் குளிரே தெரியாது டீச்சர்” என்று என்னிடம் சொன்னார். உண்மைதான். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பம் தருகிறது, பழைய குண்டு பல்பு ஒன்றைப் போல. சுறுசுறுப்பாக நடந்தால் அது மூன்று மடங்காகும். நாய்வண்டியில் அவர் வெறும் பயணி. ஓடியவை நாய்கள், சூடானவையும் அவைதான்.

காற்றையும் மறக்கக் கூடாது. அதிகாலையில் மோட்டார்சைக்கிளில் போனவர்களுக்கு இது புரியும். தோலை ஒட்டி உடம்பே சூடாக்கி வைத்திருக்கும் மெல்லிய காற்றுப் படலத்தை வேகம் துடைத்துக்கொண்டு போகிறது. மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால், மூடாத முகத்துக்கு அது மைனஸ் 30 போல இருக்கும். பனிமோட்டாரில் 40 கிலோமீட்டர் வேகம் என்றால் மைனஸ் 34. இதில் மாணவர்கள் அடிக்கடி ஒரு தவறு செய்வார்கள். காற்று அடிப்பதால் உங்கள் தண்ணீர்ப் புட்டி மைனஸ் 34 டிகிரிக்குப் போய்விடாது. எவ்வளவு காற்று அடித்தாலும் அது மைனஸ் 20 டிகிரியோடு நின்றுவிடும். அங்கே போய்ச் சேரும் நேரம்தான் குறையும்.

இப்போது வலி ஏன் தெரியவில்லை என்ற கேள்வி. கடுங்குளிரில் உடம்பு ஒரு முடிவு எடுக்கிறது. இதயம், மூளை, ஈரல் இவற்றைக் காப்பாற்றக் கை கால் விரல்களின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. விரல் முதலில் வலிக்கும், பிறகு மரத்துப்போகும். அந்த முதல் வலிதான் எச்சரிக்கை மணி. தோலின் வெப்பநிலை பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே போனதும் திசுக்களில் உள்ள நீர் பனிப்படிகமாக மாறத் தொடங்கும்.

அப்பாவுக்கு அந்த மணி அடிக்கவே இல்லை. அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக இனிப்புநீர்.

இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் கூடியிருந்தால் பாதத்தின் நுண்ணிய நரம்புகள் கெடும். உணர்வு மெல்ல மெல்லக் குறையும். இரத்தக் குழாய்களும் குறுகும். சூடு வருவதும் குறைவு, குறைந்தது என்ற செய்தி மூளைக்குப் போவதும் குறைவு. காலணிக்குள் கல் கிடந்தும் தெரியாமல் நாள் முழுக்க நடந்த பெரியவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அதே கதைதான் இதுவும், கல்லுக்குப் பதில் குளிர். நம் குடும்பங்களில் இனிப்புநீர் இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருப்பதால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

அன்று அறையில் அம்மா பாதத்தைப் பரபரவென்று தேய்க்கப் போனார். மகள் ஹீட்டருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்தாள். இரண்டையும் வழிகாட்டி தடுத்துவிட்டார். தேய்த்தால் பனிப்படிகங்கள் உள்ளே திசுவைக் கிழிக்கும். உணர்வற்ற காலை ஹீட்டரில் காட்டினால் வெந்து போனாலும் தெரியாது. சரியான முறை, 37 முதல் 39 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் காலை வைத்திருப்பது. நீரின் சூட்டை வெப்பமானியால் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் உணர்வு நன்றாக உள்ள இன்னொருவர் கையால் பார்க்க வேண்டும். திரும்பவும் வெளியே போய் உறையும் வாய்ப்பு இருந்தால் உருக்கவே கூடாது, இரண்டாம் முறை உறைவது முதல் முறையைவிடக் கொடியது. பிறகு மருத்துவரிடம் காட்டினார்கள். அங்கே கேட்ட முதல் கேள்வியே இனிப்புநீர் உண்டா என்பதுதானாம். விரல்கள் தப்பின. தோல் மட்டும் சில வாரம் உரிந்தது.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால் உருகிய பிறகும் பயன்படாது, எறிந்துவிட வேண்டியதுதான். வெளிப்பையில் வைக்காமல் உடலோடு ஒட்டிய உட்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசிக்கும் அதே இடம்தான் நல்லது. குளிரில் மின்கலத்துக்குள் அயனிகள் நகர்வது மந்தமாகி, பாதி மின்னூட்டம் இருக்கும்போதே அணைந்துவிடும்.

“நம்ம உடம்புக்கு இதெல்லாம் ஆகாது” என்று அம்மா சொல்லிவிட்டார். இதை உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். இது எவ்வளவு உண்மை?

கொஞ்சம் உண்மை உண்டு. கை நெடுநேரம் குளிர்ந்திருந்தால், சுருங்கிய குழாய்கள் அவ்வப்போது திறந்து விரலுக்குச் சூட்டை அனுப்பும். குளிர்நாட்டில் வாழ்ந்து பழகியவர்களுக்கு இது சீக்கிரம் நடக்கும். வெப்பநாட்டிலிருந்து போகிறவர்களுக்குத் தாமதமாகும். ஆனால் உடையும் அறிவும் இந்த வித்தியாசத்தை எளிதாகத் தாண்டிவிடும். 1997 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியில் முதலில் கால் வைத்த மலேசியர்கள் டத்தோ எம். மகேந்திரனும் டத்தோ என். மோகனதாசும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எவரெஸ்டில் நிற்பது சில நிமிடம். ஆண்டுக்கணக்கில் அங்கேயே வாழ்ந்த தமிழர்களும் உண்டு. நோர்வேயின் வடகோடியில் பின்மார்க் என்றொரு பகுதி. ரோவானியெமியைவிட வடக்கே உள்ளது. இலங்கைப் போரினால் ஊரைவிட்டுப் புறப்பட்ட தமிழர்கள் பலர் 1980-களிலிருந்து அங்குள்ள கடற்கரைச் சிற்றூர்களில், மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். வார்டோ, பாட்ஸ்ஃபியோர்ட், ஹாமர்ஃபெஸ்ட் போன்ற ஊர்கள். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்தவர்கள் நாள் முழுக்க ஈரத் தரையில் நின்று, ஐஸில் கிடக்கும் மீனை வெட்டினார்கள். வெளியே குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியனே எழாது. பிறகு பலர் தெற்கே ஒஸ்லோவுக்கு நகர்ந்தார்கள் என்றாலும், குளிர் தாங்காமல் ஒரு சமூகம் அழிந்துபோகவில்லை.

அவர்களை உண்மையில் தொந்தரவு செய்தவற்றுள் ஒன்று நாம் எதிர்பார்க்காதது: வெளிச்சம். சூரிய ஒளி தோலில் படும்போது நம் உடம்பு வைட்டமின் டி தயாரிக்கிறது. கறுப்புத் தோலில் உள்ள மெலனின் அந்த ஒளியின் பெரும்பங்கை வடிகட்டிவிடும். கெடாவின் வெயிலில் அது நமக்குக் கவசம். வடக்கே, ஒளியே அரிதான இடத்தில், அதே கவசம் இடைஞ்சல். நோர்வேயில் வாழும் இலங்கையரையும் கண்டியில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, நோர்வேயில் இருப்பவர்களுக்கு வைட்டமின் டி மிகக் குறைவாக இருந்தது தெரிந்தது. ஒரு வாரச் சுற்றுலாவுக்கு இது பொருட்டே இல்லை. அங்கேயே குடியேறுகிறவர்களுக்கு மீனெண்ணெயும் வைட்டமின் மாத்திரையும் தேவைப்படும்.

அப்பா அந்தப் பயணத்தில் மிகவும் ரசித்தது எது தெரியுமா? கலைமான் அல்ல, பேருந்தின் டயர். மைனஸ் 20 டிகிரியிலும் அது விரலால் அழுத்தினால் லேசாக அமுங்கியதாம். பதப்படுத்தாத இரப்பரால் செய்த பழங்கால மழைக்கோட்டுகள் வெயிலில் பிசுபிசுத்து, குளிரில் விறைத்துப்போகும். 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி அந்தக் குறையைத் தீர்த்தார். இயற்கை இரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் மைனஸ் 70 டிகிரி அளவுக்குப் போனால்தான் கண்ணாடி போல இறுகும். அதனால் குளிர்கால டயர்களில் பால் மரத்து இரப்பரைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். லாரிகளுக்கான முதல் குளிர்கால டயர் 1934-இல் உருவானதும் அதே பின்லாந்தில்தான். “நாம வெட்டுன பால்தான் இங்க வந்து நிக்குது” என்று அவர் சொன்னாராம். மகள் மறுக்கவில்லை.

இதை நீங்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடிப் புட்டிகளில் சம அளவு வெந்நீர் ஊற்றுங்கள்; பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். முதல் புட்டிக்குத் தளர்வாக ஒரு காய்ந்த காலுறை. இரண்டாவதற்கு மூன்று காய்ந்த காலுறைகளை மாட்டி, இரப்பர் வளையங்களால் நெருக்கமாக இறுக்குங்கள். மூன்றாவதற்கு நனைத்த காலுறை. ஒவ்வொன்றையும் நெகிழிப்பையில் போட்டு வாயைக் கட்டி, ஐஸ் நிரப்பிய வாளியில் வையுங்கள். நெகிழிப்பை எதற்கு? ஈரம் ஆவியாகாமல் தடுக்க, காலணிக்குள் நடப்பதைப் போல. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையை அரை மணி நேரம் குறித்து, வரைபடம் வரையுங்கள். மூன்று கோடுகளில் எது முதலில் கீழே இறங்கும் என்று சோதனைக்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். இரண்டாவது புட்டி என் வகுப்பில் பாதிப் பேரை ஏமாற்றியது.